குட்டைக் கைப்பிடி

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசகர் வட்டத்தில் செசார் சாவேஸ் பற்றிப் பேசப்போகிறேன். தலைப்பு ‘அமெரிக்கக் காந்தி’. 25 நாள் உண்ணாவிரதம் இருந்து திராட்சைத் தோட்ட முதலாளிகளின் மனத்தை மாற்றி, மெக்சிகோ தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு வாங்கித் தந்தவர் அல்லவா? அகிம்சை அமெரிக்காவிலும் வென்றது என்று பேச்சை முடிக்கலாமா? படிக்க வேண்டிய நூல்களையும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

நூல்களைப் பற்றித் தனியே எழுதுகிறேன். தலைப்பை மாற்றிவிடுங்கள். யார் எந்த நாட்டுக் காந்தி என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை.

அந்த உண்ணாவிரதம் முதலாளிகளை நோக்கியதே அல்ல. 1968-இல், கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் மூன்றாம் ஆண்டில் இழுத்துக்கொண்டிருந்தபோது, பொறுமையிழந்து வன்முறைப் பக்கம் சாயத் தொடங்கிய தன் ஆட்களை நோக்கி சாவேஸ் இருந்த உண்ணாவிரதம் அது. 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் கையெழுத்துப் போட்டதற்கு மனமாற்றம் காரணமில்லை. திராட்சை விற்கவில்லை. ஊர் ஊராகக் கடை வாசலில் நின்று ‘வாங்காதீர்கள்’ என்று கேட்டவர்களின் கால்வலி அந்த வெற்றியில் இருக்கிறது. இணையத்தில் பத்து நிமிடம் தேடியிருந்தால் இது உங்களுக்கே கிடைத்திருக்கும்.

இன்னொன்று. முதலில் வேலையை நிறுத்தியவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். 1965 செப்டம்பர் 8, லாரி இட்லியாங் தலைமையில், மணிக்கு 1.40 டாலர் கேட்டு. எட்டு நாள் கழித்துத்தான் சாவேஸின் சங்கம் கூடி, அவர்களோடு சேர்வதென்று முடிவெடுத்தது. ஓர் இனத்தார் வேலையை நிறுத்தினால் மற்ற இனத்தாரை இறக்கிக் காரியத்தை முடித்துக்கொள்வது முதலாளிகளின் பழைய வழக்கம். அந்த வழக்கம் டெலானோவில் உடைந்தது. இட்லியாங்கின் பெயர் இல்லாமல் நீங்கள் மேடையேறக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘கூலி உயர்வு’ என்ற இரண்டு சொற்கள். கூலியோடு கதை முடிந்ததா? சில மாதங்களாக நான் ஒரு மண்வெட்டியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே கலிஃபோர்னியாவில், சலினாஸ் பள்ளத்தாக்கின் லெட்டூஸ் கீரை வயல்களில், சர்க்கரை பீட்ரூட் வயல்களில், நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைத்துவிடவும் களை வெட்டவும் கொடுக்கப்பட்ட கருவி அது. கைப்பிடி ஏறக்குறைய ஓர் அடி. தொழிலாளர்கள் அதை ஸ்பானிஷில் ‘எல் கோர்ட்டிட்டோ’, அதாவது ‘குட்டை’ என்றார்கள். அதைப் பிடித்தால் இடுப்பை மடக்கியே ஆக வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அப்படியே சாலோடு நகர வேண்டும். சாவேஸும் இளமையில் அதைப் பிடித்து வேலை செய்தவர். நீளக் கைப்பிடி இருந்தால் கை தவறிச் செடி வெட்டுப்படும் என்றார்கள் முதலாளிகள். ஆனால் அந்தக் கருவியால் மேற்பார்வையாளருக்கு இன்னொரு வசதி இருந்தது. தூரத்தில் வண்டியில் இருந்தபடியே, எவன் நிமிர்ந்தான் என்று பார்த்துவிடலாம். நிமிர்ந்தவன் வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

என் அப்பாயி கடலைக் காட்டில் களைக்கொத்தோடு நாள் முழுக்கக் குனிந்தவள். வரப்பில் நிற்கிற மேஸ்திரி, “எவடி அங்க நிமிந்து நிக்கிறது?” என்பான். கடைசிக் காலத்தில் அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. எண்ணெய் தேய்க்கும்போது அம்மா அவள் முதுகை அழுத்தி நேராக்கப் பார்ப்பாள், அப்பாயி வலியில் அம்மாவைத் திட்டுவாள். முதுகு போனபின் எந்தக் கூலியை உயர்த்தி என்ன செய்ய, சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவில் தொழிலாளர்கள் இதைச் சட்டத்தின் முன் கொண்டுபோனார்கள். கிராமப்புற ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர் மாரிஸ் ஜோர்டேன் அவர்களுக்காக நின்றார். முதுகெலும்பு நிரந்தரமாகக் கெடுகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். தொழில் பாதுகாப்புத் துறை என்ன பதில் சொன்னது தெரியுமா? பாதுகாப்பற்ற கருவி என்றால் உடைந்தது, பழுதானது என்றுதான் பொருளாம்! இந்த மண்வெட்டியில் பழுது ஒன்றும் இல்லையாம். 1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. கருவி நன்றாக இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் விதம் உடலைக் கெடுத்தால் அது பாதுகாப்பற்றதுதான் என்றது. அந்த ஆண்டே குட்டை மண்வெட்டி தடைசெய்யப்பட்டது. நீளக் கைப்பிடி வந்தது. சலினாஸில் லெட்டூஸ் இன்றும் அமோகமாக விளைகிறது.

1935-இல் அமெரிக்கா தொழிற்சங்க உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயக் கூலிகளை வெளியே நிறுத்தியது. அவர்களுக்கென்று கலிஃபோர்னியா தனிச் சட்டம் இயற்றியதும் இதே 1975-இல்தான். உங்கள் பேச்சில் அதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், தவறில்லை. ஆனால் மண்வெட்டிக்குப் பத்து நிமிடம் வேண்டும்.

‘வென்றது’ என்று முடிக்காதீர்கள். தடைக்குப் பிறகு பல வயல்களில் கருவியே கொடுக்காமல் கையால் களை பிடுங்கச் சொன்னார்கள். திரும்பவும் அதே குனிதல். 2004-இல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதிலும் ரசாயனம் இல்லாத இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். இயற்கைக் காய்கறி என்று தேடி வாங்குகிற நண்பர்கள் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்