டீச்சரம்மா, அஞ்சு மாடு, ஒரு நினைவு மலர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அம்மா போன மாசம் தவறிட்டாங்க. 1979ல ஊராட்சி ஒன்றியப் பள்ளியில இடைநிலை ஆசிரியரா சேந்து, கடைசியில தலைமை ஆசிரியையா ரிட்டயர் ஆனாங்க. வீட்ல எப்பவும் அஞ்சு மாட்டுக்குக் குறையாது. விடிகாலைல பால் கறந்து சங்கத்துல ஊத்திட்டுத்தான் ஸ்கூலுக்கு பஸ் ஏறுவாங்க. கறந்து கறந்து விரல் வெடிச்சிருக்கும், அந்த வெடிப்புல சாக்பீஸ் தூள் போயி எரியும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கிட்டே எங்களுக்கு வாய்ப்பாடு கேப்பாங்க. கரும்பு வெட்டுற சீசன்ல மாட்டுக்குக் கொழுந்தாடை (கரும்போட நுனித் தோகை) எடுக்க கரும்புக் கொல்லைக்குப் போவாங்க, அங்க அப்பா அம்மாவோட வெட்டுக்கு வந்திருக்கிற பசங்களைப் பாத்தா மறுநாள் காலைல அந்த வீட்டு வாசல்ல போயி நின்னு கையோட ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. படத்திறப்பு அன்னைக்கு சின்னதா ஒரு நினைவு மலர் போடலாம்னு இருக்கோம். அண்ணன் என்னடான்னா "டீச்சர்னு மட்டும் எழுது, மாடு சாணின்னு போட்டா கௌரவமா இருக்காது"ங்கறாரு. எப்படி எழுதுறது?
(வாசகி, நெல்லிக்குப்பம் பக்கம். லெட்டர் நீளம், சுருக்கிப் போட்டிருக்கோம்)

பதில்: வருத்தமா இருக்கும்மா. அண்ணன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, துக்க வீட்ல எல்லாருக்குமே அம்மாவ பெருசா காட்டணும்னுதான் இருக்கும். ஆனா அவர் சொல்ற மாதிரி எழுதினீங்கன்னா அந்த மலர் தமிழ்நாட்டுல எந்த டீச்சருக்கு வேணா பொருந்தும், பேரும் போட்டோவும் மாத்தினா போதும். "கல்விப் பணிக்கே தன்னை அர்ப்பணித்த", "அன்பின் திருவுருவம்" இந்த வரியெல்லாம் பிரஸ்காரரே கம்ப்யூட்டர்ல ரெடியா வச்சிருப்பாரு, அதுக்கு நீங்க எதுக்கு?

உங்க லெட்டர்லயே முதல் பக்கம் எழுதி முடிச்சிட்டீங்க, அந்தக் கொழுந்தாடை விஷயம்தான். மாட்டுக்குத் தீனி தேடிப் போன எடத்துல ஸ்கூலுக்கு வராத பையனைக் கண்டுபிடிச்சிருக்காங்க. மாடு இல்லன்னா அந்தக் கொல்லைக்கு எதுக்குப் போயிருக்கப் போறாங்க, ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட் போட்டுட்டு சும்மா இருந்திருப்பாங்க. டீச்சர் வேலைய தனியா மாட்டு வேலைய தனியா பிரிச்சு எழுதினா இது எந்தப் பக்கத்துலயும் வராது. அண்ணன்கிட்ட இத ஒருதடவ படிச்சுக் காட்டுங்க.

அடுத்தது, பீரோவுல அம்மாவோட பணிப்பதிவேட்டு நகல், நியமன ஆர்டர் எல்லாம் இருக்கான்னு பாருங்க. 1979 ஆர்டர்னா தென்னாற்காடு மாவட்டம்னுதான் இருக்கும், கடலூர் தனி மாவட்டமா பிரிஞ்சது 1993லதான். அவங்க சேந்தப்ப ஒன்றியப் பள்ளி டீச்சருங்க அரசு ஊழியர் கூட கிடையாது, 1981 ஜூன் 1லேர்ந்துதான் ஆனாங்க. பணிப்பதிவேட்டுல ஒவ்வொரு மாத்தலும் தேதியோட இருக்கும், அந்தத் தேதிய வச்சு பெரியம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு உக்கார வச்சு கேளுங்க. தூரத்து ஊருக்கு மாத்தல் ஆனப்ப மாட்ட வித்தாங்களா, இல்ல ரெண்டு பஸ் மாறிப் போனாங்களா? நீங்க பொறந்தப்ப பிரசவ லீவு வெறும் 90 நாள்தான், இப்ப இருக்கிற 12 மாசமெல்லாம் 2021லதான் வந்துச்சு. அந்த 90 நாள் முடிஞ்சு கைக்குழந்தைய யார்கிட்ட விட்டுட்டுப் போனாங்க, நடுவுல மாடு கன்னு போட்டா யார் பாத்தது? இதுக்குப் பதில் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க, இப்ப கேக்கலன்னா அப்புறம் யார்கிட்ட போயி கேப்பீங்க. 1982ல சத்துணவு வந்தப்ப ஸ்கூல்ல என்ன மாறுச்சுன்னு அம்மாகூட வேலை பாத்தவங்க யாராச்சும் கெடச்சா அதையும் கேட்டு வைங்க.

பால் கார்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. சம்பளம் வீட்டு லோனுக்கு, பால் பட்டுவாடா காசு எங்க ஹாஸ்டல் பீசுக்குன்னு லெட்டர் கடைசில எழுதியிருந்தீங்களே, கார்டுல ஒரு பக்கத்த அப்படியே போட்டோ எடுத்து மலர்ல போடுங்க. காலைல எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை லிட்டர்னு பாக்கறவங்களுக்கே புரிஞ்சிடும், அந்தக் காசுலதான் படிச்சோம்னு அடியில நீங்க ஒரு வரி எழுதினா போதும்.

இன்னொன்னு, 2011 டிசம்பர் 30 தானே புயல் அன்னைக்கு கொட்டாய் ஷீட்டு பறந்துபோயி அம்மா அஞ்சு மாட்டையும் ஹால்ல கொண்டாந்து அண்ணனோட கல்யாண சோபா பக்கத்துல கட்டினாங்கன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, அநியாயம்! அதுக்கு ரெண்டு பக்கம் குடுங்க. அத அண்ணனையே எழுதச் சொல்லுங்க, சோபா அவருதுதானே, கௌரவத்த எல்லாம் மறந்துட்டு எழுதுவாரு பாருங்க. அம்மா கோவக்காரங்க, ஸ்கேல்ல ஒண்ணு வச்சாங்கன்னா ரெண்டு நாளைக்கு வலிக்கும்னு எழுதியிருக்கீங்க, அதையும் மறைக்காம போடுங்க, படத்திறப்புக்கு வர்ற பழைய ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் அந்த அடிய வாங்கினவங்கதான். மொத்தம் 16 பக்கம் போதும். அட்டைக்கு ஸ்டுடியோ போட்டோ, உள்ள மாட்டோட நிக்கிற போட்டோ.

கேள்வி: டீச்சர் புள்ளையா பொறக்கிறது வரமா சாபமா?
(கடலூர் ஓ.டி.)

பதில்: ஸ்கூல்ல வாங்கின அடிக்கு வீட்ல போயி அம்மாகிட்ட கம்ப்ளெயின்ட் பண்ண முடியாது, அடிச்சதே அவங்கதான். மத்தபடி வரம்.

கேள்வி: எங்களுக்கு அஞ்சாவது எடுத்த டீச்சர் இறந்துட்டாங்க. நாங்க பழைய மாணவர்கள் சேந்து ஒரு லட்ச ரூபா வரைக்கும் வசூல் பண்ணியிருக்கோம், பத்தாவதுல முதல் மார்க் வாங்கறவங்களுக்கு அவங்க பேர்ல பரிசு குடுக்கலாமா?
(பாகூர், புதுச்சேரி)

பதில்: குடுக்கலாம், ஆனா முதல் மார்க் வாங்கற புள்ளைக்கு வேற நாலு பேர் குடுக்கத்தான் போறாங்க. உங்க டீச்சர் எடுத்தது அஞ்சாவதுதானே, அப்ப அந்த வயசுப் புள்ளைங்களுக்கே செய்யுங்க. காச பேங்க்ல டெபாசிட்டா போட்டா ஏழு பர்சன்ட் வட்டின்னு வச்சாக்கூட வருஷம் ஏழாயிரம் வரும், கதை புக்கா வாங்கிப் போட்டா ஒரு கிளாஸுக்குத் தாராளம். வருஷா வருஷம் செப்டம்பர் 5 அன்னைக்குக் குடுங்க. டெபாசிட்ட ஒருத்தர் பேர்ல மட்டும் போடாதீங்க, ரெண்டு மூணு பேர் சேந்து ஜாயின்ட்டா போடுங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட எழுத்துல குடுத்து கையெழுத்து வாங்கிக்கங்க, ஏன்னா அவர் மாத்தலாகிப் போனப்புறம் வர்றவருக்கு ஒண்ணும் தெரியாது. தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறவங்க யாராச்சும் இதே மாதிரி செய்யணும்னா 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கு, அது வழியா அரசுப் பள்ளிக்குப் பணம் குடுக்கலாம்.

கேள்வி: எங்க அம்மாவும் டீச்சர்தான், ரிட்டயர் ஆகி மாடுதான் உலகம்னு இருந்தாங்க. அவங்க போனதுலேர்ந்து ஜெர்சி பசு ஒண்ணு என்கிட்ட பால் விடவே மாட்டேங்குது, காலத் தூக்கி ஒதைக்குது. ஊசி போட்டா விடும்ங்கறாங்க. போடலாமா? இன்னொரு மாட்ட என்னால பாத்துக்க முடியாது, என்ன பண்ண?
(பண்ருட்டி)

பதில்: ஊசி வேணவே வேணாம் தம்பி. பாலுக்காக ஆக்சிடோசின் போடறது சட்டப்படி தப்பு. அந்த ஹார்மோன் மாட்டுக்குத் தானா சுரக்கும், கன்னு முட்டினாலோ மடிய கழுவித் தடவிக் குடுத்தாலோ சுரந்து ஒரு சில நிமிஷம்தான் நிக்கும், அதுக்குள்ள கறந்து முடிச்சிடணும். பயந்துச்சுன்னா சுரப்பு நின்னுடும், பால் மடியிலயே கெடக்கும். அது உங்கள பழிவாங்கல, கை புதுசு, அவ்ளோதான். அம்மா கறந்த அதே நேரத்துக்கு, அதே எடத்துல, முன்னாடி கொஞ்சம் மல்லாட்டை (நிலக்கடலை) புண்ணாக்கும் தவிடும் வச்சு, கன்ன ஊட்ட விட்டு அப்புறம் கறங்க. அம்மாவோட பழைய புடவைய மேல போத்திக்கிட்டுக் கறக்கறது ஊர்ல பலபேர் செய்யறதுதான், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். கொஞ்ச நாள்ல பழகிடும். மடி வீங்கி சூடா இருந்தாலோ பால் திரிதிரியா வந்தாலோ மடிநோயா இருக்கலாம், அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட காட்டிடணும்.

இன்னொரு மாட்ட விக்க மனசு வரலன்னா தெரிஞ்ச ஆளுகிட்ட வாரத்துக்கு, அதாவது அவங்க வளத்து பங்கு பிரிச்சுக்கற மாதிரி, விடுங்க. பால் யாருக்கு, கன்னு எப்படிப் பங்குன்னு முன்னாடியே பேசி ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச ஒருத்தரையும் கூட வச்சுக்கங்க. அப்புறம் சங்கத்துல மெம்பர் அம்மா பேர்லதானே இருக்கும், இறப்புச் சான்றிதழோட போயி உங்க பேருக்கு மாத்தச் சொல்லுங்க, பட்டுவாடா எதாச்சும் பாக்கி இருந்தா அதையும் கேட்டு வாங்குங்க. மாட்டுக் காதுல இருக்கிற மஞ்சள் டேக்ல 12 இலக்க நம்பர் இருக்கும், அத கால்நடை ஆஸ்பத்திரில காட்டி உரிமையாளர் பேரையும் மாத்திடுங்க.