மாலை மையங்களுக்கு நிதி: கேள்வி பதில்

நகர்ப்புறக் குடியிருப்புகளில், வழி தவறும் சூழலில் வளரும் பிள்ளைகளுக்காகப் பள்ளி விட்ட பின் நடத்தப்படும் மாலை மையங்களின் நிதி குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, இத்தகைய மையத்தை நடத்தியும் மானிய விண்ணப்பங்களைப் பரிசீலித்தும் பழகிய மூத்த உறுப்பினர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, ஒரு கொடையாளர் எங்கள் மையத்திற்குக் கணினிகளும் மேசை நாற்காலிகளும் தர முன்வந்திருக்கிறார். இனி வேறு எதற்கு நிதி திரட்ட வேண்டும்?

பதில்: சம்பளத்திற்கு. பெயர்ப்பலகை மாட்டக்கூடிய பொருள்களுக்குப் பணம் எளிதில் கிடைத்துவிடும். மாலை 4 மணிக்குக் கதவைத் திறந்து, நேற்று வராத பையன் இன்றும் ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் மனிதருக்குத்தான் பணம் கிடைப்பதில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை கணினிக்காக ஒரு வாரம் வருவான், தன்னை மதிக்கும் பெரியவர் ஒருவருக்காக ஆண்டு முழுவதும் வருவான். ஆகவே வரவு செலவுத் திட்டத்தின் முதல் வரியிலேயே ஊழியர் ஊதியம், பயிற்சி, விடுப்பில் செல்பவருக்கு மாற்றாள் ஆகியவற்றை எழுதுங்கள். பள்ளிக்கூடம் இடத்தை இலவசமாகத் தந்தாலும் மின்சாரம், காவலர், துப்புரவு, காப்பீடு, இருட்டிய பின் பிள்ளைகள் வீடு திரும்பும் ஏற்பாடு ஆகியவை இலவசமாக வருவதில்லை.

ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். 60 பேர் பெயர் கொடுத்து நாள்தோறும் 35 பேர்தான் வருகிறார்கள் என்றால், உண்மைச் செலவு நீங்கள் எழுதியதைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதலாக இருக்கும். பரிசீலிப்பவர் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

கேள்வி: மதிப்பெண் உயரும் என்று விண்ணப்பத்தில் எழுதினால்தான் மானியம் கிடைக்கும் என்கிறார்கள். எழுதலாமா?

பதில்: உங்கள் மையம் உண்மையில் பாடம் நடத்துகிறது என்றால் எழுதுங்கள், இல்லையென்றால் அது பின்னாளில் உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும். அமெரிக்காவில் 'இருபத்தொன்றாம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள்' என்ற பெயரில் கூட்டாட்சி அரசு மாலை மையங்களுக்கு மானியம் வழங்கி வருகிறது. அத்திட்டத்தைப் பற்றிய மதிப்பீட்டின் முதல் அறிக்கை 2003-இல் வெளிவந்தபோது, கல்வித் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று கூறியது. உடனே ஆண்டுக்கு 100 கோடி டாலராக இருந்த ஒதுக்கீட்டை 60 கோடியாகக் குறைக்க அன்றைய அரசு முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை என்பதால் திட்டம் தப்பியது. மையத்திற்கு வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளிக்குப் பின் மற்றப் பிள்ளைகளைவிடப் பாதுகாப்பாக உணர்ந்தார்கள் என்று அதே மதிப்பீட்டின் பிந்தைய அறிக்கைகள் கண்டறிந்தன, ஆனால் மதிப்பெண்ணே முன்னால் வைக்கப்பட்டிருந்ததால் அது எவர் காதிலும் விழவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு சிகாகோ நகரில் உள்ளது. அங்கே, சினம் தலைக்கேறும் நொடியில் நின்று யோசிக்கப் பதின்வயது ஆண்பிள்ளைகளைப் பழக்கும் சிறு குழுக்களைப் பள்ளிகளில் நடத்தி, சேர்க்கப்படுபவர், சேர்க்கப்படாதவர் எனப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது. எதை மாற்றப் போகிறோம் என்று சொன்னார்களோ அதையே அளந்தார்கள். ஆனால் கைது குறைந்தது திட்டம் நடந்த காலத்தில்தான், முடிந்த பின் அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓராண்டு மானியம் போதும் என்று வாதிடுபவர்களிடம் நான் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

கேள்வி: அரசு நிதி, அறக்கட்டளை, பொதுமக்கள் நன்கொடை: எதை நம்புவது?

பதில்: ஒவ்வொன்றையும் அதற்குரிய வேலைக்கு நம்புங்கள். அறக்கட்டளைகள் புதியதைத் தொடங்க விரும்புகின்றன, பழையதைத் தொடர்ந்து நடத்த அவற்றுக்கு ஆர்வம் குறைவு. நன்கொடை கொஞ்சமாக வந்தாலும் நிபந்தனையின்றி வருவதால், மானியத் தவணை தாமதமாகும் மாதங்களில் ஊதியம் கொடுக்க உதவும். நெடுங்காலம் தாங்கக்கூடியது அரசு நிதிதான், அதுவும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால். கலிபோர்னியாவில் 2002-இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் ஒப்புதல் பெற்ற ஒரு சட்டம் மாலை மையங்களுக்கு ஆண்டுதோறும் 55 கோடி டாலரை உறுதி செய்தது (அதற்கு முன்னின்று வாக்குக் கேட்டவர் நடிகர் அர்னால்ட் சுவார்செனகர்; ஆளுநரானது அடுத்த ஆண்டுதான்). ஆயினும் முழுத்தொகை 2006-07 நிதியாண்டில்தான் கைக்கு வந்தது. சட்டம் நிறைவேறிய மறுநாளே ஆள் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மிகச் சிறிய தொகைகூட யாரை முதலில் வெளியேற்றுமோ, அந்தப் பிள்ளைக்காகத்தான் மையமே நடக்கிறது.

கேள்வி: அம்மையார் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்துள்ளார். ஆனால் பிள்ளைகளின் புகைப்படங்களும் குடும்பக் கதைகளும் வேண்டும் என்கிறார். மறுத்தால் நிதி போய்விடுமே?

பதில்: போனால் போகட்டும் என்பது என் கருத்து. 'ஆபத்தில் உள்ளவன்' என்ற அடைமொழி மானியப் படிவத்திற்கு உரிய சொல்; அது பிள்ளையின் முகத்தோடு சேர்ந்து வெளியானால், வேலை தேடும் வயதிலும் அவனைத் தொடரும். அம்மையாரை ஒரு நாள் மாலை உங்கள் மையத்திற்கு அழைத்து, ஓரமாக உட்கார வைத்து, நடப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி நேரில் வந்து பார்த்தவர்கள் பலர் அதன்பின் படம் கேட்டதில்லை.

கேள்வி: எங்கள் மானியம் ஆறு மாதத்தில் முடிகிறது. நகராட்சியிடம் கேட்டால், மூடினால் மிச்சம்தானே என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: லண்டனில் 2010-க்குப் பின் உள்ளாட்சிச் செலவுக் குறைப்பால் இளைஞர் மன்றங்கள் பல மூடப்பட்டன. மன்றத்தை இழந்த பகுதிகளின் பதின்வயதினரை மற்றப் பகுதியினரோடு ஒப்பிட்டு 2024-இல் வெளிவந்த ஆய்வு, அவர்கள் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியதாகவும் தேர்வு முடிவுகள் சரிந்ததாகவும் கண்டது. மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறத்தாழ மூன்று பவுண்டு வேறு வகையில் இழப்பாயிற்று என்பது அதன் கணக்கு. இதை நகராட்சியின் நிதிக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், கூடவே உங்கள் வருகைப் பதிவேட்டின் கடந்த ஓராண்டு நகலையும் இணையுங்கள். ஆறு மாதமும் காத்திருக்க வேண்டாம். அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீடுகள் முடிவாகும் முன்பே உங்கள் கடிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஊழியர்களிடம் நிலைமையை இன்றே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அவர்கள் வதந்தி கேட்டு விலகிவிட்டால், பிறகு நிதி வந்தாலும் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள்.