இரண்டாம் முறை பார்ப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். விண்வெளி என்றால் அவனுக்குப் பைத்தியம். 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கிரகத்தில் உயிர் இருப்பதாக டிவியில் சொன்னார்கள். அன்றே அதை நோட்டில் வரைந்து கலர் அடித்து வைத்தான். கொஞ்ச நாளிலேயே, அதெல்லாம் உறுதியில்லை என்று செய்தி வந்தது. "இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாம் பொய்யாம்மா?" என்று கேட்டான். "அவங்களுக்கே ஒண்ணும் தெரியாதுடா, நீ பாடத்தப் படி" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் அந்த நோட்டை எடுப்பதே இல்லை. அவனுக்கு வாங்கித் தர நல்ல தமிழ் அறிவியல் புத்தகம் ஒன்று சொல்வீர்களா? அப்புறம், இங்கே குழாயில் தண்ணீர் வராதபோது 124 ஒளியாண்டு தள்ளியிருக்கும் கிரகத்தை ஆராய்ந்து நமக்கு என்ன ஆகப்போகிறது? சித்தர்கள் இதையெல்லாம் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று என் மாமனார் சொல்கிறாரே, அது உண்மையா?

அன்புடன்,
செல்வி, விருதுநகர்

அன்புள்ள செல்வி,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சித்தர் பாடலில் எந்த வரி என்று மாமனார் காட்டட்டும், அப்புறம் பேசலாம். தண்ணீர் வராததற்கு நகராட்சியைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கிரகத்தைப் பார்க்கும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை நிறுத்தினால் உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிடப் போவதில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது நீங்கள் பையனிடம் சொன்ன அந்த ஒற்றை வரி. இந்தக் கிரகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நானே பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். கே2-18பி ஒரு சிவப்புக் குறுமீனை, அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. அதற்கு ஒரு சுற்று சுமார் 33 நாள். எடை பூமியைப்போல எட்டு மடங்குக்கும் மேல். அது தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும்போது, நட்சத்திர ஒளியில் ஒரு துளி அந்தக் கிரகத்தின் காற்று வழியாக நம்மிடம் வருகிறது. காற்றில் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்கும். எந்த இடத்தில் ஒளி குறைகிறது என்று பார்த்து, அங்கே எந்த வாயு இருக்கிறது என்று கணிக்கிறார்கள். தேடும் அந்தக் குறைவு பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். 2023இல் இப்படித்தான் அங்கே மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கண்டார்கள். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கு மதுசூதன் குழு, டைமெத்தில் சல்பைடு அல்லது அதன் நெருங்கிய உறவான இன்னொரு கந்தகச் சேர்மத்தின் தடயம் தெரிவதாக அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடலின் நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. கடல் வாடையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த அறிவிப்பிலேயே 'மூன்று சிக்மா' என்ற அளவு இருந்தது. நம் சேனல்கள் அதை '99.7 சதவீதம் உயிர் இருக்கிறது' என்று ஆக்கிவிட்டன. இதை நான் விடப்போவதில்லை, பொறுமையாகப் படியுங்கள். அந்த வாயு அங்கே இல்லாமலேயே, வெறும் இரைச்சலால், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தால், இப்படி ஒரு தடயம் தோன்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. மூன்று சிக்மா சொல்வது அவ்வளவுதான். உயிர் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லவே இல்லை. இரைச்சல் இல்லை என்று ஆனபின்பும், அந்த வாயுதானா, அதே மாதிரி ஒளியை விழுங்கும் வேறொன்றா என்று கேட்க வேண்டும். அந்த வாயுதான் என்றாலும், அதை உயிர்தான் உண்டாக்கியதா என்று கேட்க வேண்டும். 67பி என்ற வால்நட்சத்திரத்தில் அதே டைமெத்தில் சல்பைடைக் கண்டிருக்கிறார்கள். அங்கே எந்தப் பாசி இருக்கிறது? ஆய்வகத்தில் சில வாயுக்களின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, உயிரே இல்லாமல் அதை உண்டாக்கியும் காட்டியிருக்கிறார்கள். இத்தனை படிகளில் முதல் படியில்தான் கால் வைத்திருந்தார்கள். டிவி உங்கள் பையனை மாடிக்கே கொண்டுபோய் நிறுத்தியது. மறுபடி கீழே இறங்கச் சொன்னபோது, விஞ்ஞானிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் நினைத்தான். மதுசூதன் குழுவோ, ஐந்து சிக்மா உறுதி வேண்டுமென்றால் அதே தொலைநோக்கியில் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் பார்க்க வேண்டும் என்று அன்றே சொல்லியிருந்தது. இயற்பியலில் ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கு வழக்கமாக வைக்கும் அளவு ஐந்து சிக்மா. 2012இல் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளை அந்த அளவு எட்டிய பிறகுதான் அறிவித்தார்கள்.

சரி, மறுத்தவர்கள் யார்? ஆக்ஸ்போர்டில் ஜேக் டெய்லர் என்பவர் அதே தரவை எடுத்து, எந்த வாயுவையும் முன்கூட்டி எதிர்பார்க்காமல், அதில் மேடு பள்ளம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். ஒரு நேர்கோடே போதும் என்று வந்தது, அதாவது எந்த வாயுவின் தடயமும் உறுதியாகத் தெரியவில்லை. இன்னொரு குழு, அசல் ஆய்வில் இருந்த சுமார் 20 மூலக்கூறுகளுக்குப் பதிலாக 90 மூலக்கூறுகளை வைத்துப் பார்த்தது. உயிருக்குச் சம்பந்தமே இல்லாத பலவும் அந்தத் தரவுக்கு அதே அளவு பொருந்தின. அந்தக் குழுவை நடத்தியவர்களில் ஒருவரான லூயிஸ் வெல்பேங்க்ஸ், மதுசூதனிடமே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆசிரியரின் கணக்கை மாணவர் ஊரறியச் சரிபார்க்கிறார். இந்தச் செய்திக்கு நம் ஊரில் எத்தனை தலைப்பு போட்டார்கள்? 'இந்திய வம்சாவளி விஞ்ஞானி சாதனை' என்பதற்குத்தான் முதல் பக்கம் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் சித்தி ஞாபகம்தான் வந்தது. ராமநாதபுரம் பக்கம் மலேரியா ஆய்வகத்தில் ஸ்லைடு பார்க்கும் வேலை அவருக்கு. காய்ச்சல்காரர்களின் விரலைக் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, எண்ணெய்ச் சொட்டு விட்டு, லென்ஸை இறக்கிப் பார்ப்பார். கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் குறைந்தது நூறு இடமாவது நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். சாயத்தில் ஒரு துகள் கரையாமல் நின்றால் அதுவும் கிருமி மாதிரியே தெரியும். அதனால் சித்தி பார்த்த பாசிட்டிவ் ஸ்லைடுகளும், நெகட்டிவ் என்று எழுதியதில் ஒரு பகுதியும் வேறொரு இடத்துக்கு மறுபார்வைக்குப் போகும். சில சமயம் 'இது கிருமி அல்ல' என்ற குறிப்போடு திரும்பி வரும். சித்தி முகத்தைச் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்த ஸ்லைடை மறுபடி லென்ஸுக்கு அடியில் வைப்பார், நெடுநேரம் பார்ப்பார். "அந்தம்மா சொன்னதுதான் சரி, இது சாயம்" என்று சொல்லி ரிஜிஸ்டரில் திருத்துவார். யாரென்றே தெரியாத அந்த அம்மாவை அவர் மரியாதையாகத்தான் பேசுவார். காய்ச்சலோடு வரிசையில் நின்ற ஜனங்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. சித்தி பேர் மட்டும் தெரியும்.

செல்வி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டாவதாக ஒருவர் பார்த்துத் திருத்தினார் என்பதை 'அவங்களுக்கே ஒண்ணும் தெரியாது' என்று பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள்? தன் முடிவை யாரும் தொடக்கூடாது என்பவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். 2011இல் இத்தாலியின் கிரான் சாஸோவில் ஓபரா குழு, ஜெனீவாவிலிருந்து 730 கிலோமீட்டர் வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முந்தி வந்ததாக அறிவித்தது. அவர்களே, 'எங்கள் தவறு எங்கே என்று தேடிச் சொல்லுங்கள்' என்று உலகத்தைக் கேட்டார்கள். கடைசியில் ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகப் பொருந்தாமல் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பொய் சொல்கிறவர்கள் இப்படிக் கேட்பார்களா?

கோபத்தோடு நிறுத்த மனம் வரவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் நிற்கும்போது பிள்ளை கேட்கும் கேள்விக்கு யாரால் நிதானமாகப் பதில் சொல்ல முடியும்? அவன் நோட்டை மூடியதை நீங்கள் கவனித்தீர்கள். அது மனசில் உறுத்தி, முன்பின் தெரியாத எனக்கு எழுதவும் செய்தீர்கள். அந்த அக்கறை உங்கள் பையனுக்குப் போதும். இன்று அவனிடம் போய், அம்மா அன்றைக்கு அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். கே2-18பி இன்னும் முடியாத கேள்வி, மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். ஜேம்ஸ் வெப் எடுக்கும் தரவு, குறிப்பிட்ட காலம் கழித்து யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கும்படி பொதுவில் வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இன்றைக்கு அது புரியாது. கல்லூரிக்குப் போகும்போது புரியும்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். அவன் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரியாமல் நான் எதையும் சொல்லப்போவதில்லை. ஒளியா, கிரகமா, கடல் பாசியா என்று அவனையே கேட்டு, அவன் கையெழுத்திலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.