சிஆர்பி எவ்வளவு இருந்தால் பயப்பட வேண்டும்? காய்ச்சல் கேள்விகளுக்கு ஒரு நோய்க்குறியியல் மருத்துவரின் பதில்கள்

கோபி: அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலுங்க. சிஆர்பி 38 வந்திருக்குது. ஆபத்துங்களா?

எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று முதலில் பாருங்கள். லிட்டருக்கு 38 மில்லிகிராம் என்றால் நடுத்தர ஏற்றம். டெசிலிட்டருக்கு என்றால் அது லிட்டருக்கு 380. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிஆர்பி என்பது கல்லீரல் செய்யும் புரதம், ரத்தத்தில் அளப்பார்கள். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கல்லீரலைத் தூண்டும். சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். தூண்டுதல் நின்றால் ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டால்தான் போக்கு தெரியும். அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது, சிறுநீர் போகிறதா, எழுந்து நடக்கிறாரா? நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.

ஈரோடு: பையனுக்கு டெங்குங்க. சிஆர்பி 6தான், காய்ச்சலும் விட்டுவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

இன்றைக்கு வேண்டாம். சிஆர்பி பெரிதாக ஏறாமலே டெங்கு முற்றலாம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான் அதில் ஆபத்து. பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, முன்பு இருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று பொருள். அது நடப்பதே காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். வலிக்கு ஆஸ்பிரின், ஐப்யூபுரூபன் கொடுக்கவே கூடாது.

பல்லடம்: எனக்கு சிஆர்பி 12. ஆபத்தா?

அலகு? மூச்சு? கோபிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தாராபுரம்: ஈஎஸ்ஆர் 60ங்க.

சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம்தான் ஈஎஸ்ஆர். ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாமே அதை ஏற்றும். இறங்கவும் வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாள் காய்ச்சலின் தீவிரத்தை அதை வைத்து அளக்காதீர்கள்.

திருப்பூர்: தம்பிக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு ஆரம்பித்தோம். 45 இருந்த சிஆர்பி 9 ஆகிவிட்டது. குணம்தானுங்களே?

இல்லை. கல்லீரலைத் தூண்டும் சமிக்ஞையை ஸ்டீராய்டு அடக்கிவிட்டது, எண் இறங்கியது. வைரஸ் போய்விட்டது என்பதற்கு அது சாட்சி இல்லை. எண்ணுக்கு மருந்து கொடுக்காதீர்கள்.

திருப்பூர்: 2021இல் எங்கள் மாமாவைக் காப்பாற்றியதே ஸ்டீராய்டுதானுங்க!

அவருக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்களா?

திருப்பூர்: ஆமாங்க, ஒரு வாரத்துக்கு மேல்.

வித்தியாசம் அங்கேதான். 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளிடையே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறப்பைக் குறைத்தது. தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. அதே ஆய்வில், ஐஎல்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுக்க சிஆர்பி 75 என்று வரம்பு வைத்தார்கள். அங்கேயும் ஆக்ஸிஜன் குறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடவே இருந்தது. எண் மட்டும் போதும் என்று அவர்கள் விடவில்லை.

சென்னிமலை: குறுக்கே பேசுகிறேன், மன்னிச்சுக்கோங்க. எங்கம்மாவுக்கு அப்படி ஸ்டீராய்டு கொடுத்துத்தான் சர்க்கரை 400ஐத் தாண்டியது.

நீங்கள் சொல்வதைத் திருப்பூர்க்காரர் கட்டாயம் படிக்க வேண்டும். 2021இல் கருப்புப் பூஞ்சை நோய் அத்தனை பேரைப் பிடித்ததில் கட்டுப்படாத சர்க்கரைக்கும் ஸ்டீராய்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

காங்கேயம்: எங்கள் கிடாரிக்குக் காய்ச்சல். சிஆர்பி பார்க்கலாமுங்களா?

மாட்டுக்கு அது உதவாது. மாட்டில் அழற்சி வந்தால் முக்கியமாக ஏறுவது ஹாப்டோகுளோபின். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

நாமக்கல்: டி-டைமர் 800. ரத்தம் கட்டிவிட்டதா?

ரத்தக்கட்டி கரையும்போது வரும் புரதத் துண்டுதான் டி-டைமர். மறுபடியும் அலகு! அதை இரண்டு அலகில் எழுதுவார்கள். எஃப்இயூவா, டிடியூவா? எஃப்இயூவில் எண் ஏறத்தாழ இரண்டு மடங்காக வரும். காய்ச்சல், வயது, கர்ப்பம் எதிலும் டி-டைமர் ஏறும். கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

கரூர்: சிஆர்பி 20...

அலகு, மூச்சு, சிறுநீர். எழுதிவிட்டுக் கேளுங்கள்.

திருப்பூர்: அப்போ தம்பிக்கு மாத்திரையை நிறுத்திவிடட்டுங்களா?

அதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். விரலில் ஆக்ஸிஜன் பாருங்கள். 94க்குக் கீழே என்றால் நேரே அவசரப் பிரிவு. சரியாக இருந்தாலும், என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று எழுதிய சீட்டோடு இன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.