தோற்றவர் தரும் கணக்கு: ஹிலாரி கிளின்டனின் 'வாட் ஹேப்பன்ட்' பற்றிக் கேள்வி பதில்

2016 நவம்பர் 8 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப்பிடம் தோற்ற ஹிலாரி கிளின்டன், 2017 செப்டம்பர் 12 அன்று 'வாட் ஹேப்பன்ட்' என்ற நினைவுநூலை வெளியிட்டார். முதல் வாரத்திலேயே எல்லா வடிவங்களிலும் சேர்த்து 3 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அரசியல்வாதிகளின் தன்வரலாறுகளை வகுப்பில் பாடமாக நடத்தியவள் என்பதால் நண்பர்களும் பழைய மாணவர்களும் அதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி): மேடம், ஜெயிச்சவங்க எழுதினா வரலாறு, தோத்தவங்க எழுதினா சாக்கு. இதை எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?

பதில்: நான் படித்த வரையில் நேர்மாறாகத்தான் இருக்கிறது. ஜெயித்தவர் எடுத்த முடிவுகளுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. தோற்றவரிடம்தான் ஏன் அந்த ஊருக்குப் போகவில்லை, ஏன் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல உட்காரும்போது பிரசாரம் உள்ளுக்குள் எப்படி நடந்தது என்பது வெளியே வந்துவிடுகிறது. 1960-ல் கென்னடியிடம் தோற்ற நிக்சன், 1962-ல் 'சிக்ஸ் கிரைசிஸ்' எழுதினார். மறுபடி தேர்தலில் நிற்கப்போகிறவர் எழுதிய புத்தகம் அது. அந்த ஜாக்கிரதை அதில் தெரியும். 1968-ல் ஜெயித்தும் விட்டார். ஹிலாரி, இனி வேட்பாளராக நிற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டு எழுதினார். அதனால் பல இடங்களில் மனம்விட்டுப் பேசுகிறார்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): 28 லட்சம் ஓட்டு அதிகமா வாங்கியும் எப்படி மேடம் தோத்தாங்க?

பதில்: அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியான தேர்வாளர்கள். மொத்தம் 538 பேர். ஜெயிக்க 270 பேர் வேண்டும். இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் அவருக்கே. நாடு முழுவதும் ஹிலாரிக்குச் சுமார் 6 கோடியே 58 லட்சம் ஓட்டு, டிரம்ப்புக்குச் சுமார் 6 கோடியே 30 லட்சம். ஆனால் ஹிலாரி மிச்சிகனில் 10,704, விஸ்கான்சினில் 22,748, பென்சில்வேனியாவில் 44,292 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். மூன்றையும் கூட்டினால் 77,744. அந்த மூன்று மாநிலங்களின் 46 தேர்வாளர்கள் கிடைத்திருந்தால் அவர்தான் அதிபர்.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறங்கள். வித்தியாசம் இவ்வளவு சிறிதாக இருந்தால், எந்தக் காரணத்தை எடுத்தாலும் 'இதனால்தான் தோற்றார்' என்று வாதாட முடியும். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் வாங்கிய ஓட்டுகூட மூன்று மாநிலங்களிலும் இந்த வித்தியாசத்தைத் தாண்டியது. ஹிலாரி வெளியிலிருந்து வந்த காரணங்களை அழுத்திச் சொல்கிறார். அவரை விமர்சிப்பவர்கள் அவருடைய சொந்தத் தவறுகளை அழுத்திச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் சொல்வது நடந்தவைதான்.

கேள்வி (கோவை): எஃப்.பி.ஐ. இயக்குநர் கோமி எழுதின கடிதத்தாலதான் தோத்தேன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

பதில்: புத்தகத்தின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஃப்.பி.ஐ. என்பது அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பு. வெளியுறவு அமைச்சராக இருந்தபோது ஹிலாரி அரசு வேலைக்கும் தனிப்பட்ட மின்னஞ்சல் சர்வரைப் பயன்படுத்தினார். அதை விசாரித்த ஜேம்ஸ் கோமி, 2016 ஜூலை 5-ல் வழக்குத் தொடரத் தேவையில்லை என்றார். அதே மூச்சில் 'மிகுந்த கவனக்குறைவு' என்றும் பகிரங்கமாகக் கண்டித்தார். பிறகு, வேறொரு விசாரணையில் சிக்கிய மடிக்கணினியில் சம்பந்தப்பட்ட மின்னஞ்சல்கள் இருக்கலாம் என்று அக்டோபர் 28-ல், தேர்தலுக்கு 11 நாள் இருக்கையில், நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நவம்பர் 6-ல், பழைய முடிவில் மாற்றமில்லை என்று இன்னொரு கடிதம். அதற்குள் முன்கூட்டியே வாக்களிக்கும் மாநிலங்களில் லட்சக்கணக்கானோர் ஓட்டுப் போட்டு முடித்திருந்தார்கள்.

2017 மே மாதம் ஒரு மேடையில் ஹிலாரி, அக்டோபர் 27-ல் தேர்தல் நடந்திருந்தால் நான்தான் அதிபர் என்றார். புத்தகத்திலும் அதே வாதம்தான். கடைசி நேரத்தில் மனதை முடிவு செய்தவர்கள் முக்கிய மாநிலங்களில் டிரம்ப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதைக் கருத்துக்கணிப்பு வல்லுநர் சங்கத்தின் 2017 அறிக்கையும் சொல்கிறது. அது கடிதத்தால்தான் நடந்தது என்பதற்கான ஆதாரம் கலவையாகவே இருக்கிறது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. 2018 ஜூனில் வந்த நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை, அந்தக் கடிதத்தை அனுப்பியதில் கோமி கடுமையாகத் தவறிவிட்டார் என்றது. ஆனால் அதில் கட்சி அரசியல் சாய்வு இருந்ததாகக் கண்டறியவில்லை.

ஹிலாரிக்கு அநியாயம் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் 11 நாளில் கவிழ்ந்துவிடக்கூடிய நிலைமையில் அந்தப் பிரசாரம் ஏன் இருந்தது? அந்தக் கேள்வியின் வாசல்வரை பல முறை வருகிறார், உள்ளே போவதில்லை. எனக்கு இந்தப் புத்தகத்தின் மீதுள்ள பெரிய மனக்குறை அதுதான்.

கேள்வி (சேலம்): விஸ்கான்சின் பக்கமே போகலைன்னு சொல்றாங்களே அக்கா?

பதில்: கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஏப்ரலில் நடந்த முன்தேர்தலுக்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை, அது உண்மை. ஜூனில் ஒபாமாவோடு போக இருந்த கூட்டம் ஆர்லாண்டோ துப்பாக்கிச் சூட்டால் தள்ளிப்போனது, அதற்குப் பிறகும் போகவில்லை. 1984-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் டிரம்ப்பின் குடியரசுக் கட்சி ஜெயிக்காத மாநிலம் அது. கணிப்புகளும் ஹிலாரிக்குச் சாதகமாகவே இருந்தன. பென்சில்வேனியாவுக்குத் திரும்பத் திரும்பப் போயும் தோற்றேனே, போவதால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார். வாதம் வலுவானது. ஆனால் ஒரு மாநிலத்துக்குப் போவது ஓட்டுக் கேட்க மட்டும் இல்லை. மேடையிலிருந்து இறங்கி நான்கு பேரிடம் பேசினால், கணிப்பில் சிக்காத கோபம் காதில் விழும். பல மாநிலக் கணிப்புகள் கல்லூரி போகாத வெள்ளையர்களைச் சரியான விகிதத்தில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது தேர்தலுக்குப் பிறகுதான் புரிந்தது.

கேள்வி (நெய்வேலி): நிலக்கரித் தொழிலாளர்களுக்கு வேலை போகும்னு அவங்களே சொன்னாங்களாமே? எங்க ஊர்க்காரனுக்கு அதுதான் உறுத்துது.

பதில்: நெய்வேலியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. 2016 மார்ச்சில் ஒஹையோவில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நிறைய நிலக்கரித் தொழிலாளர்களும் நிறுவனங்களும் வேலை இழக்கும்படி செய்யப்போகிறோம் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அவர் சொன்னது வேறு: அந்தப் பகுதிகளுக்குப் புதிய வேலைகளைக் கொண்டுவரத் தன்னிடம்தான் திட்டம் இருக்கிறது, அந்த மக்களை நாம் மறந்துவிடக் கூடாது என்பது. 2015-லேயே அதற்காக 3,000 கோடி டாலர் திட்டத்தையும் அறிவித்திருந்தார். ஆனால் வெட்டி எடுத்த ஒற்றை வாக்கியம்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

மே மாதம் மேற்கு விர்ஜீனியாவுக்குப் போனார். வேலை இழந்த ஒருவர், எங்கள் பிழைப்பைப் பறிப்பேன் என்று சொல்லிவிட்டு எப்படி நண்பர் மாதிரி வந்து நிற்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்தப் பயணத்தை விவரிக்கும் 'கன்ட்ரி ரோட்ஸ்' என்ற அத்தியாயம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி. தான் மிகவும் வருந்தும் பேச்சு அந்த நிலக்கரி வாக்கியம்தான் என்று எழுதுகிறார். 1992-லும் 1996-லும் அவருடைய கணவரை ஜெயிக்க வைத்த மாநிலத்தில் 2016-ல் இவருக்குக் கிடைத்தது சுமார் 26 சதவீதம். அந்தச் சரிவு ஒரு வாக்கியத்தால் வந்ததில்லை, இருபது ஆண்டுகளாக நடந்தது என்பதையும் அவரே சொல்கிறார். காயப்பட்டவர்கள் மீது கோபப்படாமல், அந்தக் காயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போகிற இடம் இது.

கேள்வி (சென்னை): டிரம்ப் ஆதரவாளர்களைக் கேவலமா பேசினதுக்கு மன்னிப்புக் கேட்கிறாரா?

பதில்: 2016 செப்டம்பர் 9-ல், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேர் இழிவானவர்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். மறுநாளே, 'பாதி' என்று சொன்னது தவறு என்றார். அது டிரம்ப்புக்குத் தான் கொடுத்த அரசியல் பரிசு என்று புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் சொன்ன கருத்தை முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை.

கேள்வி (ஈரோடு): மின்னஞ்சல் விவகாரத்துல அவங்க மேல தப்பு உண்டா, இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க மேடம்.

பதில்: உண்டு, ஆனால் நாடே அதைப் பற்றி மட்டும் பேசுகிற அளவுக்கு இல்லை. ஒரே வரி போதாது என்பதால் இன்னும் கொஞ்சம். செய்தி 2015 மார்ச்சில் வெளியானது. வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது செப்டம்பரில். அந்த ஆறு மாதத் தயக்கம்தான் சந்தேகத்தை வளர்த்தது. வேண்டுமென்றே ரகசியத் தகவல்களைப் பரவலாகத் தவறாகக் கையாண்டதற்கு ஆதாரம் இல்லை என்று வெளியுறவுத் துறையின் ஆய்வு 2019-ல் முடிவு சொன்னது. அதற்குள் தேர்தல் முடிந்து மூன்று வருஷம்.

கேள்வி (பாண்டிச்சேரி): சாண்டர்ஸ் மேல அவ்வளவு கோபம் நியாயமா?

பதில்: அந்தப் பக்கங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. முன்தேர்தலில் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சொந்தக் கட்சிப் போட்டியாளர் பெர்னி சாண்டர்ஸின் தாக்குதல்கள் தனக்கு நீடித்த சேதம் விளைவித்தன, டிரம்ப்புக்கு வழிவிட்டன என்கிறார் ஹிலாரி. ஆனால் கட்சிக்குள் போட்டி என்றால் அடி விழத்தான் செய்யும். 2008-ல் ஒபாமாவை எதிர்த்து இவரும் கடைசிவரை மோதினார். முன்தேர்தலில் சாண்டர்ஸுக்கு ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் பிறகு டிரம்ப்புக்குப் போட்டதாக ஒரு பெரிய வாக்காளர் ஆய்வு காட்டியது. 77,744 ஓட்டில் முடிந்த தேர்தலில் அது பெரிய எண்தான். அவர்களில் பலரைச் சாண்டர்ஸே இழுத்து வந்திருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் எல்லோரும் ஹிலாரியிடம் வந்திருப்பார்கள் என்று எண்ண முடியாது.

கேள்வி (தஞ்சாவூர்): அம்மா, தோத்துப்போனவர் பேசாம வீட்டுல இருக்க வேண்டியதுதானேன்னு அவங்க கட்சிக்காரங்களே சொன்னாங்களாமே?

பதில்: சொன்னார்கள். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒரு பெரிய கட்சியின் அதிபர் வேட்பாளரான முதல் பெண் அவர். இரண்டாவது விவாதத்தில் டிரம்ப் முதுகுக்குப் பின்னால் வந்து வந்து நின்றபோது, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதா, திரும்பி விலகிப் போ என்று சொல்வதா என்று தவித்ததை எழுதியிருக்கிறார். அதைப் படித்த எத்தனையோ பெண்களுக்கு அந்தத் தவிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆறரைக் கோடிப் பேர் நம்பி ஓட்டுப் போட்ட ஒருவர், என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். வாயை மூடு என்று சொன்னவர்கள் தவறு செய்தார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): யாருமே பேசாத, ஆனா முக்கியமான பகுதி ஏதாவது?

பதில்: அலாஸ்காவில் எண்ணெய் வருமானத்திலிருந்து ஒரு நிதியை உருவாக்கி, ஆண்டுதோறும் குடிமக்களுக்குப் பங்கு தருகிறார்கள். அதையே நாடு முழுவதற்கும் கொண்டுவரலாமா என்று ஹிலாரியின் குழு யோசித்திருக்கிறது. கணக்குச் சரியாக வரவில்லை என்று கைவிட்டார்கள். துணிந்து அறிவித்திருக்கலாமோ என்று பிறகு யோசிக்கிறார். கோமியைவிட இந்த இரண்டு பக்கம் தோல்வியைப் பற்றி அதிகம் சொல்வதாக எனக்குப் படுகிறது: எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துப் பேசிய ஒருவர், கணக்கே பார்க்காமல் பேசிய ஒருவரை எதிர்த்து நின்றார்.

கேள்வி (திருநெல்வேலி): இதே மாதிரி வேற யார் எழுதினதைப் படிக்கலாம்?

பதில்: கனடாவின் மைக்கேல் இக்னாட்டியஃப். 2011 தேர்தலில் அவருடைய லிபரல் கட்சி 34 இடங்களுக்குச் சுருங்கியது. அவரே தன் தொகுதியில் தோற்றார். 2013-ல் வந்த 'ஃபயர் அண்ட் ஆஷஸ்' தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைவிடத் தன்னைப் புரிந்துகொள்ள அதிகம் முயல்கிறது. 2024-ல் டிரம்ப்பிடம் தோற்ற கமலா ஹாரிஸின் '107 டேஸ்' 2025 செப்டம்பரில் வந்தது. பைடன் மறுபடி போட்டியிட எடுத்த முடிவைப் பொறுப்பின்மை என்று அதில் சொல்கிறார்.

கேள்வி (வேலூர்): என் மகள் அரசியல் அறிவியல் படிக்கிறாள் மேடம். ஐந்நூறு பக்கத்தையும் படிக்கச் சொல்லவா?

பதில்: முதலில் 'கன்ட்ரி ரோட்ஸ்', அடுத்து மின்னஞ்சல் பற்றிய அத்தியாயம், பிறகு தோல்வியின் காரணங்களை அலசும் 'ஒய்'. இந்த மூன்றும் போதும். கையோடு கோமி பற்றி நீதித்துறைத் தலைமை ஆய்வாளர் தந்த 2018 ஜூன் அறிக்கையின் முன்சுருக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கோமி விஷயத்தில் ஹிலாரி சொல்வதில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று அவளே குறித்துக்கொள்ளட்டும்.