அப்பாவின் குடத்தைப் பதிய ஒரு மஞ்சள் ஒயர்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா நாற்பது வருஷமாக வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறார். அவர் குழுவை ஒரு டிவி சேனல்காரர்கள் படம்பிடித்துப் போயிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை ஒளிபரப்பாம். அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்க வேண்டும். வீட்டில் பழைய டிவி ட்யூனர் கார்டு இருக்கிறது. கேபிள் ஒயரைச் செருகினால் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தன், அங்கே ஒரு அட்டையைச் செருகினால் நேராகப் பதியலாம் என்கிறார். இங்கே கிடைக்குமா?
– வாசகி, களக்காடு

பதில்: தங்கச்சி, அந்தக் கார்டை எடுத்து ஓரமாக வையுங்கள். அது அனலாக் காலத்துச் சாமான். 2011-ல் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தி, எல்லாச் சேனலையும் டிஜிட்டலாக, பூட்டுப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். கடைசிக் கட்டக் கெடு 2017 மார்ச் 31. இப்போது ஒயரில் வருவதெல்லாம் கலைத்துப் போட்ட எண்கள். அதைத் திறக்கும் சாவி பத்து நொடிக்கு ஒருமுறை போல மாறிக்கொண்டே இருக்கும். சந்தா கட்டிய செட்டாப் பாக்ஸுக்குத்தான் அந்தச் சாவி கிடைக்கும். புதிதாக டிஜிட்டல் ட்யூனர் வாங்கினாலும் சேனல் பெயர்கள் வரிசையாக வருமே தவிர, படம் வராது.

கொழுந்தன் சொன்னது உண்மைதான். அங்கே கேபிள்கார்டு என்று ஒன்று உண்டு. பூட்டுத் திறக்கும் வேலையைப் பாக்ஸிலிருந்து பிரித்துத் தனி அட்டையாகத் தர வேண்டும் என்று கேபிள் கம்பெனிகளை அரசு ஆணையம் கட்டாயப்படுத்தியது. 2007 வாக்கில் கம்ப்யூட்டரில் செருகும் ட்யூனரும் வந்தது. 2020-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எப்படியானாலும் அந்த அட்டை நம் ஊர் கேபிளுக்கு ஆகாது.

சரி, வழி என்ன? பாக்ஸ் பூட்டைத் திறந்து டிவிக்கு அனுப்புகிறது இல்லையா, அங்கே பிடிப்போம். பாக்ஸின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளை இருக்கும். மஞ்சள் படம், மற்ற இரண்டும் சத்தம். யூஎஸ்பி கேப்சர் என்று கேட்டால் கம்ப்யூட்டர் கடையில் தருவார்கள். மூன்று ஒயரையும் அதில் செருகி, அதை லேப்டாப்பில் செருகுங்கள். எச்டிஎம்ஐ ஒயர் வேண்டாம். அதில் எச்டிசிபி என்று இன்னொரு பூட்டு இருக்கிறது, கருப்புத் திரைதான் மிஞ்சும்.

சின்ன பாக்ஸ்களில் மூன்று துளைக்குப் பதிலாக ஹெட்போன் துளை மாதிரி ஒன்றுதான் இருக்கும். அதற்கான ஒயரைக் கம்பெனிக்குக் கம்பெனி ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள். படம் வரவில்லையா, மஞ்சளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்பைச் செருகிப் பாருங்கள். வண்ணார்பேட்டையில் என் கடைக்கு 'பாக்ஸ் போச்சு' என்று தூக்கி வந்தவர்களில் எத்தனையோ பேரை இதைச் சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பதிவதற்கு ஓபிஎஸ் (OBS) என்ற மென்பொருள் போதும், இலவசம். அதில் வீடியோ வகையை பால் (PAL) என்று வையுங்கள், அதுதான் நம் ஊர் டிவி முறை. அமெரிக்க முறையான என்டிஎஸ்சி-யில் இருந்தால் படம் கருப்பு வெள்ளையாகி உருண்டு ஓடும். அளவு 720-க்கு 576, நொடிக்கு 25 படம். கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் டீஇன்டர்லேஸ் என்பதைப் போட்டுவிடுங்கள். கோப்பு எம்கேவி-யாகவே இருக்கட்டும். நடுவில் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும், சாதாரண எம்பி4 என்றால் பெரும்பாலும் மொத்தமும் போகும். பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். 2.5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

அப்புறம் சத்தம். உங்கள் காரியத்தில் முக்கியமே இதுதான். பாட்டும் உடுக்கும் ஓரளவு சீராக வரும், குடம் அப்படி இல்லை. வாயில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் சத்தம் சட்டென்று எகிறி உடைந்துவிடும். ஓபிஎஸ்ஸில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டை ஆடும். பாட்டு மஞ்சளைத் தொடாமல் பச்சையிலேயே ஆடட்டும், அப்பா அடிக்கும்போது மஞ்சள் வரை போகட்டும். சிவப்பின் கடைசி முனையில் போய் முட்டினால் அந்த அடி பதிவில் கரகரப்பாகிவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. பின்னணியில் 'ம்ம்ம்' என்று இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

சனிக்கிழமையே அதே சேனலை, அதே நேரத்தில், முழுசாக ஒரு மணி நேரம் பதிந்து பாருங்கள். லேப்டாப் தூங்கிப்போகாமல் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். சொந்த உபயோகத்துக்குப் பதிவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு தடுக்கவில்லை. யூடியூபில் ஏற்றுவதானால் சேனலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பாக்ஸிலேயே பென்டிரைவ் செருகிப் பதியும் வசதி இருக்கிறது. பதிந்ததை லேப்டாப்பில் போட்டால் திறக்க மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: பெரும்பாலான பாக்ஸ்கள் பதியும்போதே அந்தப் பாக்ஸுக்கு மட்டும் தெரிந்த பூட்டைப் போட்டுவிடும். வேறு எதிலும் ஓடாது, அதே கம்பெனியின் இன்னொரு பாக்ஸிலும் ஓடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருஷம் ஆனித் தேரோட்டத்தை உள்ளூர் சேனலில் நேரடியாகக் காட்டினார்கள். வாகையடி முக்கில் கூட்டத்துக்குள் எங்க அம்மா குனிந்து நெல்லையப்பர் தேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அதில் வந்தது. ஐந்தாறு நொடிதான். பாக்ஸில் பதிந்திருந்தேன். மழை இடியில் பாக்ஸ் போனது, கேபிள்காரர் பழையதை வாங்கிக்கொண்டு புதியது தந்தார். அதோடு அந்தப் பதிவும் முடிந்தது. அம்மா இப்போது இல்லை. பென்டிரைவ் கடை மேசை டிராயரில் கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

உங்கள் பாக்ஸ் இன்னும் வேலை செய்கிறதல்லவா? இன்றைக்கே அதிலேயே ஓடவிட்டு, மஞ்சள் ஒயர் வழியாக லேப்டாப்பில் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: பூட்டை உடைக்க இன்டர்நெட்டில் சாவி விற்கிறார்களாமே?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: தம்பி, அது வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, அடுத்தவர் உரிமையைப் பறிக்க இப்படிப் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. பூட்டே இல்லாமல் பதியத்தான் ஆசை என்றால், டிடி ஃப்ரீ டிஷ் குடை ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். மாதச் சந்தா கிடையாது. அதில் எம்பெக்-2 (MPEG-2) என்ற வீடியோ முறையில் வரும் சேனல்களைக் கம்ப்யூட்டரில் செருகும் சாட்டிலைட் ட்யூனர் நேராகப் பதியும்.