ஐயாவின் துப்பாக்கியை என்ன செய்வது?

கேள்வி: ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து வீட்டைச் சுத்தம் செய்தபோது, பெட்டகத்தில் இரட்டைக் குழல் துப்பாக்கியும் அவர் பெயரில் பழைய லைசென்ஸும் கிடைத்தன. அப்பச்சியும் (அப்பாவும்) இப்போது இல்லை. வீட்டிலேயே வைத்திருக்கலாமா?
- வாசகி, கண்டனூர்

பதில்: வேண்டாம் ஆச்சி. வீடு மாதிரி லைசென்ஸ் வாரிசுக்குத் தானாக வராது. 1959 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

முதலில் அந்த அறையைப் பூட்டுங்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள், நீங்களும் திறந்து பார்க்காதீர்கள். பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகவே கூடாது. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்து, துப்பாக்கி எண்ணோடு ரசீது வாங்குங்கள்.

அப்புறம் வாரிசுகளில் ஒருவர் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் லைசென்ஸ் கேட்கலாம். லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கவும் வழி உண்டு. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, சரி. ஆனால் அதை நாமாக முடிவு செய்யக் கூடாது.

மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தில்தான் நம் ஊர்ப் பக்கம் காரியம் தாமதமாகும். பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.